கோளும் புள்ளியும்: தொலைவிலிருந்து பார்ப்பதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

2013 நவம்பர் 19 அன்று மங்கள்யான் பூமியை ஒரு படம் எடுத்தது. அப்போது அது செவ்வாயை நோக்கி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. பூமியையே நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உயரம் ஏறத்தாழ 68,000 கிலோமீட்டர். படத்தில் துணைக்கண்டம் தெரிகிறது. அரபிக்கடல் தெரிகிறது. சில நாட்களில் 'ஹெலன்' புயலாக ஆந்திரக் கரையைத் தொடப்போகும் மேகச்சுழி வங்கக்கடல் மேல் தெரிகிறது. பத்திரிகைகள் அதை முதல் பக்கத்தில் போட்டன. சிவகாசியிலும் யாராவது அதை வெட்டி ஒட்டி வைத்திருப்பார்கள்.

அந்தப் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச்சிறிய புள்ளி, தரையில் சுமார் மூன்றரை கிலோமீட்டர் அகலம். பழைய சிவகாசி நகராட்சி எல்லை முழுவதும் ஒன்றிரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். திருத்தங்கல் பக்கத்தில் இன்னொரு புள்ளி. விருதுநகர் இன்னும் கொஞ்சம் வடகிழக்கே ஒரு புள்ளி. இடையில் இருக்கும் அச்சகங்கள், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அங்கே விடியற்காலை வேன் ஏறிப் போகிற சனம் எல்லாம் சேர்ந்து சராசரியாக்கப்பட்டு ஒரே நிறமாகிவிடும். கருவி பொய் சொல்லவில்லை. அதன் தூரத்துக்கு அவ்வளவுதான் தெரியும்.

இந்தப் புள்ளியை முன்வைத்தே இங்கே பேச முற்படுகிறேன். ஒரு கோளை நெருங்கும் கலத்துக்கு அக்கோள் எப்படித் தெரிகிறது? வானியலாளர் கேட்கும் கேள்வி இது. ஆனால் எவ்வளவு தூரத்தில் நின்றால் எது தெரியும், எது மறையும், அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது யார் என்று இதையே கொஞ்சம் திருப்பிப் போட்டால் அது நம் கேள்வியாகிவிடுகிறது.

2

வெறுங்கண்ணுக்குச் செவ்வாய் ஒரு சிவந்த புள்ளி. கலம் நெருங்க நெருங்கப் புள்ளி வட்டமாகும். ஒரு பக்கம் இருட்டில் தேய்ந்த வட்டம். பிறகு துருவத்தின் வெண்மை, பழுப்புத் திட்டுகள், தூசிப் புகைமூட்டம், கடைசியில் குழிகள். இந்த வரிசை இயற்கையானது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் 'பார்த்தது' எது, 'வரைந்தது' எது என்று பிரிப்பது அவ்வளவு லேசான காரியமில்லை.

1965 ஜூலையில் மாரினர்-4 செவ்வாயைத் தாண்டிப் போயிற்று. அருகிலிருந்து எடுத்த முதல் படங்கள் அதனுடையவை: இருபத்தொன்றும், இருபத்திரண்டாவதில் ஒரு துண்டும். ஒவ்வொன்றும் 200க்கு 200 புள்ளிகள். தகவல் வந்த வேகம் விநாடிக்கு எட்டேகால் 'பிட்'டுக்குச் சற்றே கூடுதல். ஒரு படம் பூமிக்கு வந்து சேர எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கலிபோர்னியாவில் காத்திருந்த பொறியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. கணினி படத்தை ஆக்கித் தருவதற்கு முன்பே, எண்களாக வந்து விழுந்த காகிதப் பட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். கடையில் போய் வண்ணச் சுண்ணக்கட்டிகள் வாங்கி வந்து, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று கையால் தீட்டினார்கள். கேமரா அனுப்பியது வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் எண்களை மட்டும். சிவப்பையும் பழுப்பையும் தேர்ந்தது மனிதக் கை. செவ்வாய் சிவப்பு என்று முன்பே 'தெரியும்' அல்லவா?

சிவகாசிக்காரருக்கு இதில் வியப்பில்லை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்ற தேவையிலிருந்து வளர்ந்தது இந்த ஊரின் அச்சுத்தொழில். எந்தப் படமும் நாலு நிறப் புள்ளிகளின் அடுக்கு என்பது இங்கே பிளேட் போடுகிற பையனுக்கும் தெரியும். சாமி படமோ தலைவர் படமோ, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிதான். புள்ளியைச் சாமியாக்குவது பார்க்கிறவனின் தூரம்.

மாரினர்-4 பார்த்தது செவ்வாய்ப் பரப்பில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. அந்தத் துண்டில் குழிகள்தான் இருந்தன. உடனே செவ்வாய் நிலவைப்போல ஒரு செத்த கோள் என்று முடிவு கட்டப்பட்டது. ஆறு வருடம் கழித்து, 1971 நவம்பரில், மாரினர்-9 போய்ச் சேர்ந்தபோது கோள் முழுவதும் புழுதிப் புயல். உச்சி மட்டும் தெரிந்த நாலு கரும்புள்ளிகள் தவிர எதுவும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது அவை பிரமாண்டமான எரிமலைகள் என்று தெரிந்தது. சூரியக் குடும்பத்தில் நாம் அறிந்த மிகப்பெரிய எரிமலை அவற்றில் ஒன்று. அதன்பின் பள்ளத்தாக்குகள், வறண்ட ஆற்றுத் தடங்கள். கிட்டத்தில் வந்தும் பார்க்க முடியாமல் காத்திருந்த கலம்தான், அவசரமாகத் தாண்டிப் போன கலத்தைவிட அதிகம் கண்டது. இதை மனதில் வைத்துக்கொள்வோம்.

மங்கள்யான் போய்ச் சேர்ந்த கணமும் இப்படித்தான். 2014 செப்டம்பர் 24 காலை அதன் இயந்திரம் சுமார் 24 நிமிடம் எரிந்தது. அந்நேரத்தில் கலம் செவ்வாயின் நிழலுக்குள் இருந்தது; பூமியிலிருந்து பார்த்தால் கோளுக்குப் பின்னால். வெளிச்சமும் கிடையாது, பேச்சும் கிடையாது. வெளியே வந்த பிறகு அது அனுப்பிய சமிக்ஞை நம்மை எட்ட ஏறத்தாழ 12 நிமிடம். நான்கு நாள் கழித்து 74,500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து முழு வட்டத்தையும் எடுத்த படம்தான் நாமெல்லோரும் பார்த்தது. அதிலும் வடபாதியில் ஒரு புழுதிப் புயல் இருந்தது.

3

இப்போது கேள்வியைப் பூமிக்குத் திருப்புவோம். நெருங்கி வரும் கலத்துக்கு இந்தக் கோள் எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு நிஜமான சோதனையே நடந்திருக்கிறது. வியாழனுக்குப் போகவேண்டிய கலிலியோ கலம், வேகம் பெறுவதற்காக 1990 டிசம்பர் 8 அன்று பூமிக்கு 960 கிலோமீட்டர் அருகில் வந்து போயிற்று. கார்ல் சாகனும் கூட்டாளிகளும் அதன் கருவிகளை நம்மை நோக்கித் திருப்பினார்கள். எதுவும் தெரியாதவர்கள்போல் பாவித்து, இங்கே உயிர் இருக்கிறதா என்று கேட்டார்கள். 1993இல் முடிவு வெளியாயிற்று. காற்றில் ஆக்சிஜன் மிகுதி, கூடவே மீத்தேன், தரையில் சிவப்பொளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி, அதாவது நம் இலைப்பச்சை, செயற்கையானவை என்று சொல்லத்தக்க ரேடியோ அலைகள். ஆனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் துல்லியத்தில் எடுத்த படங்களில் மனிதரின் சுவடு தெளிவாக எதுவும் இல்லை. அந்தத் தூரத்தில் நாம் இருப்பது நம் காற்றாலும் இரைச்சலாலும்தான் தெரிகிறது, முகத்தால் அல்ல.

கலிலியோ கடந்து போவதற்கு ஐந்து வாரம் முன்னால், 1990 அக்டோபர் 31 அன்று, டெல்லியில் உச்ச நீதிமன்றம் சிவகாசியைப் பார்த்தது. குழந்தைத் தொழில் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கின் முதல் தீர்ப்பு அது. தீப்பெட்டி செய்யும் இடத்தில் குழந்தைகள் கூடாது. ஆனால் செய்யும் இடத்துக்குத் தள்ளி, பொட்டலம் கட்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும். தீர்வு என்று அவர்களுக்குத் தோன்றியதே ஒரு தூரம்தான்: மருந்துக்கும் குழந்தைக்கும் இடையே இத்தனை அடி.

தூரம் போதவில்லை. 1991 ஜூலை 12 அன்று மீனம்பட்டியில் வெடித்தது. 39 பேர் செத்தார்கள். நீதிமன்றம் மறுபடி பார்த்தது, இம்முறை குழு அனுப்பி. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில் அபாயகரமான தொழில்களில் குழந்தைகளை வைத்திருந்த முதலாளி தலைக்கு இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இந்தியா முழுவதற்குமான தீர்ப்பாக அது ஆனதற்குச் சிவகாசிதான் காரணம். கிட்டத்தில் வந்து பார்த்தபோது தீர்ப்பின் மொழியே மாறியது. ஆனால் முதலில் 39 பேர் சாக வேண்டியிருந்தது.

4

செவ்வாய்க்குப் போன ராக்கெட்டும் சிவகாசி வாணமும் ஒரே சாதி. இதை ஏளனமாகச் சொல்லவில்லை, வேதியியலாகச் சொல்கிறேன். அடைக்கப்பட்ட மருந்து எரிந்து, வாயு ஒரு வாய் வழியே பின்னால் பாய, உடல் முன்னால் போகிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். அதைக் காற்றிடம் கேட்காமல் ஓர் உப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தீபாவளி வாணத்தில் அது வெடியுப்பு. மங்கள்யானைத் தூக்கிய பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் அம்மோனியம் பெர்குளோரேட். ஏறத்தாழ 138 டன் திட எரிபொருள், அதில் அலுமினியப் பொடியும் உண்டு. அதே அலுமினியப் பொடி பட்டாசு ஆபீஸ் பெண்களின் கைரேகைக்குள் வெள்ளியாய்ப் படிந்திருக்கிறது. சாயங்காலம் தேய்த்துக் குளித்தாலும் போகாது.

2008இல் பீனிக்ஸ் என்ற தரையிறங்கி செவ்வாயின் வடதுருவச் சமவெளி மண்ணைத் தோண்டிச் சோதித்தபோது அங்கே பெர்குளோரேட் இருப்பது தெரிந்தது. ராக்கெட்டை அனுப்பும் உப்பின் உறவுக்காரன் அங்கே மண்ணிலேயே கிடக்கிறான்! அவனுக்கு இன்னொரு பங்காளி குளோரேட். கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்த்தால் லேசான உரசலே போதும். அதனால் இந்தியாவில் 1992இலிருந்து அந்தக் கலவைக்குத் தடை.

நிறமும் அப்படித்தான். ஸ்ட்ரான்சியம் எரிந்தால் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், செம்பு நீலம். 1860ஐ ஒட்டி ஜெர்மனியில் பன்சனும் கிர்ச்சாஃபும் இந்த நிறக்கோடுகளை முப்பட்டகத்தில் பிரித்துப் படித்தார்கள். எந்தத் தனிமம் எந்தக் கோடு என்று தெரிந்ததும், தொடமுடியாத சூரியனில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. கோள்களின் காற்றையும் மண்ணையும் தொலைவிலிருந்து படிப்பது அந்த வழியின் தொடர்ச்சி. மத்தாப்பூவின் நிறமும் அந்த அறிவியலின் பிள்ளைதான். ஒரு வித்தியாசம்: வானியலாளர் நிறத்தைப் பார்த்துத் தனிமத்தை அறிகிறார், இங்கே தனிமத்தைக் கையால் அளந்து நிறத்தை ஆக்குகிறார்கள். முன்னது ஞானம் எனப்படுகிறது. பின்னது கூலிவேலை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளைப் பட்டாசில் தடைசெய்தபோது டெல்லியின் காற்று பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த உப்பை வருடக்கணக்காகச் சலித்தவர்களின் நெஞ்சுக்குள் போன காற்று அதே அளவுக்குப் பேசப்பட்டதா?

5

ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு படம் சுற்றுகிறது. 'விண்வெளியிலிருந்து தீபாவளி இரவு' என்பார்கள். இந்தியா முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளையாய் ஜொலிக்கும். அது தீபாவளியே இல்லை. அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களின் பல வருடத் தகவலை அடுக்கி, 2003இல் கிறிஸ் எல்விட்ஜ் என்ற அறிவியலாளர் உருவாக்கிய படம். வெள்ளை என்றால் 1992க்கு முன்பே இருந்த விளக்கு. நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிதாகத் தெரியவந்தவை. மக்கள்தொகையும் மின்சாரமும் பெருகியதைக் காட்டும் வரைபடம் அது. நாம் அதைப் பண்டிகையாக வாசித்துவிட்டோம்.

2012 நவம்பர் 12 இரவின் உண்மையான படம் நாசாவிடம் இருக்கிறது. ஊர்களின் வழக்கமான விளக்குகள் தெரிகின்றன. தீபாவளியால் கூடுகிற வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சொற்பம் என்று அவர்களே எழுதினார்கள்.

அதே 2012இல், செப்டம்பர் 5ஆம் தேதி, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 பேர் போனார்கள். முதல் வெடிச் சத்தத்துக்குப் பிறகு உதவிக்கு ஓடிவந்த பக்கத்து ஊர்ச் சனம் அதில் கணிசம். அனுமதிக்கப்பட்டதற்கு மேல் ஆள், அனுமதிக்கப்பட்டதற்கு மேல் மருந்து, உரிமம் ஒருவர் பெயரில், ஓட்டுவது குத்தகைக்கு எடுத்த இன்னொருவர் — இந்தப் பகுதியில் தெரியாதவர் யார்? ஒரு வருடத்து உழைப்பு முழுவதும், அதில் கருகிய உயிர்களும் சேர்த்து, மேலிருந்து பார்த்தால் ஒரு துளி வெளிச்சம்கூட இல்லை. நாடு தன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்ளும் படமோ பொய்ப்படம். இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க வேண்டும்.

6

மங்கள்யான் கிளம்பியது 2013 நவம்பர் 5; தமிழ்நாட்டில் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். கிழமை செவ்வாய். நேரம் பிற்பகல் 2.38. செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்கு. சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டரைக் கிழிக்கிற எவரும் இதைக் கவனித்திருப்பார்கள். நேரத்தைத் தீர்மானித்தது சுற்றுப்பாதைக் கணக்கு. ஆனாலும் 'செவ்வாயிலே எதையும் தொடங்காதே' என்ற சொல் ஒருநாளாவது வாயடைத்துப் போயிற்று. செவ்வாய் தோஷம் என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை வீட்டோடு உட்காரவைக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை கோதவாடிக்காரர். தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவர். இந்தச் சாதனையைக் கொச்சைப்படுத்துவது நம் வேலையல்ல.

ஆனால் அது கொண்டாடப்பட்ட மொழியைக் கவனியுங்கள். செலவு 450 கோடி ரூபாய். 2014 ஜூனில் பிரதமர் அதை ஹாலிவுட் படம் ஒன்றின் செலவோடு ஒப்பிட்டார். செப்டம்பரில் நியூயார்க்கில், அகமதாபாத்தில் ஆட்டோவுக்குக் கிலோமீட்டர் பத்து ரூபாய், செவ்வாய்க்கு ஏழு ரூபாய்தான் என்றார். மலிவு! மலிவு என்பதே பெருமையின் பெயராயிற்று. மலிவு எங்கிருந்து வருகிறது? கலத்தைப் பொறுத்தவரை கெட்டிக்காரத்தனமான சுற்றுப்பாதையிலிருந்தும், முன்பே செய்து சோதித்த பாகங்களை மறுபடி பயன்படுத்தியதிலிருந்தும், பொறியாளர்களுக்கு மேலைநாட்டில் உள்ளதைவிடக் குறைந்த சம்பளத்திலிருந்தும். சிவகாசியில் மலிவு பீஸ் ரேட்டிலிருந்து வருகிறது. இத்தனை திரிக்கு இவ்வளவு, இத்தனை குழாய்க்கு இவ்வளவு. கை வேகமாகப் போனால் காசு. மருந்து விஷயத்தில் கை வேகமாகப் போகக் கூடாது என்பதுதான் பாதுகாப்பின் முதல் பாடம். கூலி ஒரு பக்கம் இழுக்க, உயிர் இன்னொரு பக்கம் இழுக்கிறது. விபத்துக்குப் பிறகு 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதும் அறிக்கைகள் இந்த இழுபறியைப் பார்ப்பதேயில்லை.

2014 செப்டம்பர் 24 அன்று பட்டுச்சேலையும் பூவுமாய்ப் பெண்கள் கட்டுப்பாட்டு அறையில் சிரிக்கும் படம் உலகெங்கும் போயிற்று. நல்ல படம். விஞ்ஞானி என்றால் யார் என்ற பிம்பத்தை அது கொஞ்சம் உடைத்தது. பட்டாசு ஆபீசிலும் பெண்கள்தான் அதிகம். அவர்கள் படம் பத்திரிகையில் வருவது ஆஸ்பத்திரி வாசலில் மட்டும். இருவரையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. ஒருவரைப் பார்க்கும் கேமரா மற்றவரை எந்தத் தூரத்தில் நிறுத்துகிறது என்று கேட்டால் போதும்.

உள்ளூரிலும் ஒரு தூரம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் எல்லாப் பழியையும் டெல்லி மேல் போட்டுத் தப்பிப்பதாகிவிடும். 1899இல் கோயில் நுழைவை ஒட்டிச் சிவகாசி தாக்கப்பட்டது. அந்த அவமானத்தையும் வன்முறையையும் கடந்து வந்த நாடார் சமூகத்திலிருந்துதான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, 1923இல் இங்கே தொடங்கினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் இது ஒரு சுயமரியாதை வரலாறு. மறுக்க முடியாது. ஆனால் மேலே ஏறியவர்களின் வரலாறு அது. மருந்து அறைக்குள் போகிறவர்களின் வரலாறு இன்னும் அந்தப் பக்கங்களில் ஏறவில்லை. தாழ்த்தப்பட்டவர்களும் பிற ஏழைச் சாதிகளும் வானம் பார்த்த பூமியை விட்டு ஆபீசுக்குப் போன கதை, கூலியின் கதை, கந்துவட்டியின் கதை, யார் எழுதினார்கள்? 'ஒரு ஊரின் வெற்றி' என்பதும் நூறாயிரம் பேரைச் சராசரியாக்கி ஒரு நிறமாகக் காட்டும் பிக்சல்தான்.

7

மங்கள்யானோடு 2022 ஏப்ரலில் தொடர்பு அறுந்தது. ஆறு மாத ஆயுளுக்கு என்று செய்யப்பட்ட கலம் ஏழரை வருடம் வேலை செய்திருந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் செத்தபோதும் அது செவ்வாயைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

செவ்வாய்க் குழிகளுக்குப் பெயர் வைப்பதில் உலக வானியல் ஒன்றியத்துக்கு ஒரு விதி இருக்கிறது. பெரிய குழிகளுக்குச் செவ்வாய் ஆராய்ச்சியோடு தொடர்புள்ள, மறைந்த அறிவியலாளர், எழுத்தாளர் பெயர்கள். சிறிய குழிகளுக்கு ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள் வாழும் ஊர்களின் பெயர்கள். 2024இல் உத்தரப்பிரதேசத்து முர்சானும் பீகாரின் ஹில்சாவும் அப்படி ஏறின. திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாகிவிட்ட சிவகாசி இந்த விதிக்குள் வராது. மீனம்பட்டி வரும். முதலிப்பட்டி வரும். அச்சங்குளம் வரும்.

ஆனால் அந்த விதியோடு ஒரு வாசகமும் சேர்ந்திருக்கிறது: இந்தப் பெயர்கள் எந்த ஊரையும் நினைவுகூர்வதற்காக வைக்கப்படுபவை அல்ல; பெயர்களுக்கு ஊர்ப்பட்டியல் ஒரு வசதியான கையிருப்பு, அவ்வளவே. நேர்மையான வாசகம். தொலைவின் பார்வைக்கு ஊர் என்பது ஒரு பெயர்; பெயர் என்பது வரைபடத்தில் இடத்தைச் சுட்ட ஒரு குறி. நினைவு அதன் வேலையல்ல.

அப்படியானால் அது யார் வேலை? வருடாவருடம் வெடிக்கிறது, வருடாவருடம் எண்ணிக்கையும் நிவாரணத் தொகையும் அறிவிக்கப்படுகின்றன, அடுத்த வெடிப்பில் முந்தைய எண்ணிக்கை மறந்துபோகிறது. ஊர் ஊராக, ஆபீஸ் ஆபீசாக, இறந்தவர் யார், அன்று என்ன வேலை பார்த்தார், எத்தனை பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், வழக்கு என்னாயிற்று என்ற பதிவேடு வேண்டும். உயிர் தப்பியவர்கள் கையோடும் முகத்தோடும் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். 'என்னத்தச் சொல்லச் சொல்றீக' என்று ஆரம்பித்தாலும் சொல்வார்கள். இதற்கு விண்கலம் தேவையில்லை. விருதுநகரில் இறங்கி சிவகாசி பஸ் ஏறினால் போதும். ஆனால் மாரினர்-9 மாதிரி, புழுதி அடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.